ஏஜென்ட் வாங்கித் தந்தது கம்பெனிப் பதிவு அல்ல

கேள்வி: நானும் பள்ளித் தோழியும் ஈரோட்டில் இரண்டு வருடமாக மசாலாப் பொடி அரைத்து விற்கிறோம். அரவை மிஷினுக்கு நான் 3 லட்சம் போட்டேன். பில் தோழி பெயரில் இருக்கிறது. பேக்கிங்கும் கடைக் கணக்கும் என் பொறுப்பு. மாதா மாதம் லாபத்தில் பாதியை ஜிபேயில் அனுப்பிவிடுவாள். எழுத்தில் எதுவும் இல்லை. ஏஜென்ட் ஒருவர் 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு தோழி பெயரில் உத்யம் சான்றிதழ் எடுத்துத் தந்து, 'கம்பெனி ரிஜிஸ்டர் ஆகிவிட்டது' என்றார். இப்போது தோழியின் கணவர் நான் கொடுத்தது கைமாத்து என்கிறார். ஒரு மளிகைக் கடை எங்களுக்குத் தரவேண்டிய 1.4 லட்சம் பாக்கி வேறு. நான் கூட்டாளியா, இல்லையா?

பதில்: முதலில் அந்த 3,500 ரூபாய். உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசா கூட வாங்குவதில்லை. போனது போகட்டும். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்தக் காகிதத்தைக் கம்பெனிப் பதிவு என்று நீங்கள் இரண்டு வருடம் நம்பியது. உங்கள் தோழி ஒரு சிறுதொழில் நடத்துகிறார் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அதில் நீங்கள் எங்கேயும் இல்லை.

அதற்காக நீங்கள் கூட்டாளியே இல்லை என்று ஆகிவிடாது. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி வாய்ப்பேச்சிலேயே கூட்டாண்மை உருவாகலாம். பங்கு எவ்வளவு என்று பேசியிருக்காவிட்டால் லாபமும் நஷ்டமும் சரிபாதி. ஆனால் தோழியின் கணவர் சொல்வதையும் வெறும் வாய்ஜாலம் என்று தள்ளிவிட முடியாது. லாபத்தில் பங்கு வாங்கியதாலேயே ஒருவர் கூட்டாளி ஆகிவிடமாட்டார் என்று அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக லாபப் பங்கு வாங்குவதும் உண்டு. எனவே உங்களைக் காப்பாற்றப்போவது ஜிபே பணத்தைவிட நீங்கள் செய்த வேலைதான். கடைக்காரர்களிடம் ஆர்டர் எடுத்தது, விலை பற்றித் தோழியுடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகள், உங்கள் கையெழுத்தில் உள்ள கணக்கு நோட்டு, எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அந்த போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். மின்னணுச் சாட்சியத்துக்கு, புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள், அப்போது தேவைப்படும்.

அடுத்து மளிகைக் கடை பாக்கி. பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் வெளியாள் மீது ஒப்பந்தப் பாக்கிக்காக வழக்குப் போட முடியாது. இது கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு. 100 ரூபாய்க்கு மேற்படாத சில சிறு வழக்குகளுக்கு விலக்கு உண்டு. 1932-இல் போட்ட தொகை, இன்னும் அப்படியே இருக்கிறது! வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் அந்த வழக்கு நிற்காது. பதிவு முதலில், வழக்கு அப்புறம்.

பில் எல்லாம் தோழி பெயரில் இருப்பதால் அவரே தனி உரிமையாளராக வழக்குப் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். பணம் சீக்கிரம் வரலாம். ஆனால் 'இது என் சொந்தத் தொழில்' என்று அவர் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு உங்களுக்கு எதிராக அந்தக் காகிதமே வந்து நிற்கும். அதற்குச் சம்மதிக்காதீர்கள். பாக்கிக்குக் காலக்கெடு பொதுவாக மூன்று வருடம். முதல் பில்லின் தேதியை இன்றே பாருங்கள்.

தோழிக்கு உங்கள் மேல் இன்னும் மனக்கசப்பு இல்லையென்றால், கணவரை விட்டுவிட்டு அவரிடம் நேரடியாகப் பேசுங்கள். வாய்மொழியாக நடந்துவந்த கூட்டாண்மையை எழுத்தில் கொண்டுவருகிறோம் என்று பத்திரம் எழுதுங்கள். உங்கள் 3 லட்சம் முதலீடு, மிஷின் நிறுவனத்தின் சொத்து, யார் விலகினாலும் கணக்குத் தீர்ப்பது எப்படி, பிராண்டுப் பெயர் யாருக்கு, இந்த நான்கும் அதில் இருந்தே ஆகவேண்டும். ஒருவர் இறந்தால் தொழில் தொடருமா என்பதையும் சேருங்கள். எழுதாவிட்டால் கூட்டாண்மை அத்தோடு கலைந்துவிடும். பிறகு கூட்டு நிறுவனங்களின் பதிவாளரிடம் அந்தப் பத்திரத்தைக் கொடுத்து நிறுவனத்தைப் பதிந்து, நிறுவனத்தின் பெயரில் பான், வங்கிக் கணக்கு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, உத்யம் எல்லாம் புதிதாக எடுக்க வேண்டும்.

ஜிஎஸ்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பொருள் மட்டும் விற்றால் தமிழ்நாட்டில் வருட விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பதிவு வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் பெங்களூருக் கடைக்கு மிளகாய்த் தூள் ஒரு மூட்டை அனுப்பினாலே அந்த வரம்பு உதவாது. வேறு மாநில விற்பனைக்குப் பதிவு கட்டாயம்.

தோழி பத்திரத்துக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் வக்கீல் நோட்டீஸ்தான். பதிவு இல்லாத நிலையிலும் கூட்டாண்மையைக் கலைக்கவும், கணக்குக் கேட்கவும் உங்களுக்குத் தடையில்லை. 69-ஆம் பிரிவே அதற்கு வழி விட்டிருக்கிறது.