டைட்டில் கம்பெனி மாப்பிள்ளை கவுன்சிலர் ஆகலாமா?

கேள்வி: நியூ ஜெர்ஸியில் டைட்டில் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மாப்பிள்ளை, அங்கே டவுன் கவுன்சில் தேர்தலில் நிற்கப் போகிறாராம். ரியல் எஸ்டேட்காரர் கவுன்சிலரானால் ஊர் உருப்படுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நம்மூர் லேஅவுட் புள்ளிகளைப் பார்த்து வந்த பயம் இது. உங்கள் மாப்பிள்ளை மனை விற்பவர் அல்ல. மூலப் பத்திரங்களை அலசி, வாங்குபவர் பணத்தையும் வங்கிக் கடனையும் எஸ்க்ரோ கணக்கில் (கைமாறும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் கணக்கு) வாங்கி, விற்பவரின் பழைய கடனை அடைத்து, மீதியை அவரிடம் கொடுத்து, பத்திரத்தைக் கவுன்ட்டியில், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான அமைப்பில், பதிய வைப்பவர். பின்னாளில் உரிமையில் ஓட்டை தெரிந்தால் ஈடு கொடுக்கும் இன்ஷூரன்ஸும் அங்கேதான். பிரீமியம் ஒரே தடவை.

இந்த வேலையின் தலைவலியில் பாதி டவுன் ஹாலிலிருந்து வருவது. வீட்டு வரி பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் முதல் தேதிகளில் நாலு தவணை. ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கான மூன்றாம் தவணை 2,760 டாலரை விற்பவர் கட்டியிருக்க, ஆகஸ்ட் 20 அன்று வீடு கைமாறினால், 92 நாளில் மிச்சமுள்ள 42 நாளுக்கு, நாளுக்கு 30 டாலர் வீதம் 1,260 டாலரை வாங்குபவர் தரவேண்டும். ஆனால் முதல் இரண்டு தவணைகள் போன வருட வரியை வைத்துப் போடும் உத்தேசத் தொகை. ஏப்ரலில் முடித்த கணக்குக்கு ஆகஸ்டில் சண்டை வருவது அதனால்தான்.

தண்ணீர் மீட்டரின் கடைசி ரீடிங்கை எடுக்கச் சொல்ல மறந்தால், டவுனுக்குச் சேரவேண்டிய பாக்கி வீட்டின் தலையில் விழும், விற்றவர் போய்விட்டிருப்பார். பெர்மிட் வாங்கிப் பேஸ்மென்ட்டில் அறை கட்டிவிட்டு, கடைசி இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கூப்பிடாமல் விட்ட வீடுகளும் உண்டு. சாதாரண டைட்டில் பாலிசி இதற்குக் கைகொடுக்காது. நம்மூர் வில்லங்கச் சான்றிதழில் வரி பாக்கி தெரியாத கதைதான்.

டவுன் ஆபீஸில் எந்த மேஜையில் காகிதம் தேங்குகிறது என்று இப்படித் தெரிந்தவர் கவுன்சிலுக்கு வருவது நல்லதே. தாராளமாக நிற்கட்டும்.

வில்லங்கம் வேறிடத்தில்: ஜோனிங். எந்தத் தெருவில் அடுக்குமாடி வரும் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில், விண்ணப்பித்த பில்டரே உங்கள் மாப்பிள்ளை கம்பெனியின் வாடிக்கையாளராக இருக்கலாம். 1991ஆம் வருட உள்ளாட்சி நெறிமுறைச் சட்டப்படி, தனக்கு நேராகவோ மறைமுகமாகவோ ஆதாயம் இருக்கும் விஷயத்தில் அவர் தலையிடக்கூடாது. வாடிக்கையாளர் சார்பில் அதே டவுனின் போர்டு முன்னால் போய் நிற்கவும் கூடாது. வருடாவருடம் ஏப்ரல் 30க்குள் கணக்கு காட்ட வேண்டும்: 2,000 டாலருக்கு மேல் வருமானம் தரும் ஒவ்வொரு இடமும், உங்கள் மகள் சம்பளம் உட்பட.

பலர் சறுக்குவது, ‘நான் ஓட்டுப் போடவில்லையே’ என்று சொல்லிக்கொண்டு விவாதத்தில் மட்டும் கலந்துகொள்வதில். அதுவும் பங்கெடுத்ததாகவே கொள்ளப்படும். விவாதம் தொடங்குமுன் எழுந்து வெளியே போய்விட வேண்டும். போனார் என்று மினிட்ஸில் ஏற வேண்டும். ஒதுங்க வேண்டியவர் உட்கார்ந்திருந்தால், அவர் ஓட்டு இல்லாமலே ஜெயித்த தீர்மானத்தைக்கூட கோர்ட் தூக்கி எறிந்துவிடும்.