ரெண்டாங்கட்டுக்கு வைஃபை வரவே மாட்டேன் என்கிறது, இனி எதை வாங்குவது?

கேள்வி: செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும் இருக்கிறார்கள், நான் பெங்களூரில். ஃபைபர் இணைப்பு முகப்போடு நிற்கிறது. முதலில் ஆறு ஆன்டெனா வைத்த ரவுட்டர் வாங்கினேன், போதவில்லை. அப்புறம் ஆன்லைனில் 11,000 ரூபாய்க்கு இரண்டு பெட்டி மெஷ் செட் (தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரே வைஃபையாகப் பரப்பும் பெட்டிகள்) வாங்கினேன். '4,000 சதுர அடி முழுவதும் தடையில்லாத வைஃபை' என்று விளம்பரம். ஒன்றை முகப்பிலும் இன்னொன்றை வீட்டின் பின்பகுதியான ரெண்டாங்கட்டு அடுப்படியிலும் வைத்தோம். ஆத்தாவின் போனில் சிக்னல் கோடு முழுசாகக் காட்டுகிறது, ஆனால் வீடியோ காலில் முகம் அப்படியே உறைந்து நிற்கிறது. விற்றவர் 'பெட்டியில் குறை இல்லை, திருப்பி எடுக்க முடியாது' என்கிறார். அடுத்து எதை வாங்குவது?

பதில்: புதுப் பெட்டி எதையும் வாங்க வேண்டாம். கையில் இருக்கிற இரண்டு பெட்டியே போதும். ஒன்றை இடம் மாற்றுங்கள். அதிலேயே சரியாகாவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள் இழுங்கள். காரைக்குடி வட்டாரத்துப் பழைய வீடுகளில் நான் பார்த்தவரை, இணையத்துக்காகச் செலவழித்த பணத்தில் பெரும்பகுதி ரவுட்டருக்கே போயிருக்கும், கேபிளுக்கு யாரும் காசு ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதத்திலேயே நோய் என்ன என்பது இருக்கிறது. கோடு முழுசு, ஆனால் படம் நிற்கிறது. போனில் தெரியும் கோடு, போனுக்கும் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள தொடர்பை மட்டும்தான் காட்டும். அடுப்படிப் பெட்டி ஆத்தாவுக்கு எட்டடி தூரத்தில் இருக்கிறது, ஆகவே கோடு முழுசாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெட்டிக்கு இணையம் எங்கிருந்து வருகிறது? முகப்புப் பெட்டியிடமிருந்து, அதுவும் காற்று வழியாக. நடுவில் பட்டாலைச் (முகப்பை அடுத்த கூடம்) சுவர், வளவு (நடு முற்றம்), வளவைச் சுற்றிய அறைகள், மறுபடி ரெண்டாங்கட்டுச் சுவர். சிக்னல் செத்துப்போன இடத்தில் பெட்டியை வைத்தால், அது செத்த சிக்னலைத்தான் பரப்பும். மெஷ் வாங்குகிற பத்துப் பேரில் பாதிப் பேர் 'எங்கே வரவில்லையோ அங்கே வை' என்றுதான் வைக்கிறார்கள். வரவில்லை என்கிற இடத்துக்கு முன்னால், இன்னும் நன்றாக வருகிற இடத்தில் வைக்க வேண்டும்.

இப்போது சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. பெட்டியின் மேல் அச்சடித்த சதுர அடிக் கணக்கு, மெல்லிய தடுப்புச் சுவர் உள்ள வீட்டையோ திறந்த வெளியையோ மனதில் வைத்துப் போட்டது. நம் வீடுகளில் கனமான செங்கல் சுவர், அதன் மேல் அடுக்கடுக்காகச் சுண்ணாம்புப் பூச்சு. ஒரு சுவர் சிக்னலில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுவருக்கு அப்பால் நூற்றில் ஒரு பங்கு, மூன்றுக்கு அப்பால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இழப்பு கூடிக்கொண்டு போவதில்லை, பெருகிக்கொண்டு போகிறது. அதனால்தான் பட்டாலையில் நன்றாக ஓடுகிற வீடியோ, ஒரே ஒரு அறை தாண்டினதும் படுத்துவிடுகிறது. சுவரைச் சாய்வாகக் கடந்தால் இன்னும் மோசம், கடக்க வேண்டிய கனம் கூடிவிடும். ஐப்பசி மழையில் சுவர் ஈரம் கோத்தால் அதற்கும் ஒரு பங்கு போகும்.

ரவுட்டரில் இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, ஆனால் சுவரைக் கொஞ்சம் தாங்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், கனமான சுவரிடம் சீக்கிரம் தோற்கும். உங்கள் மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வழக்கமாக 5-ஐத்தான் நம்பும். அது கிடைக்காதபோது 2.4-க்கு இறங்கிவிடும். அதே அலையில் ஆத்தாவின் போனுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதால் கிடைக்கிற வேகமும் பாதியாகும்.

சரி, ஆறு ஆன்டெனா என்ன ஆயிற்று? எத்தனை ஆன்டெனா இருந்தாலும் ரவுட்டர் வெளியிடும் சக்திக்கு அரசு வைத்த உச்சவரம்பு உண்டு. அதை விடுங்கள், பேச்சு இருவழிப் பாதை. முகப்பிலிருந்து ஒலிபெருக்கியில் பேசினால் அடுப்படிக்குக் கேட்கலாம், அடுப்படியிலிருந்து ஆத்தா சாதாரணக் குரலில் சொல்லும் பதில் முகப்புக்குக் கேட்காது. போனின் குரல் சின்னது, எந்த ரவுட்டர் வாங்கினாலும் அது பெரிதாகாது.

முதலில் காசு செலவில்லாத வேலை. செட்டிநாட்டு வீடு வைஃபைக்கு எதிரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். கட்டினவர்கள் நமக்கு இரண்டு உதவி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்று, முகப்பு நிலையில் நின்று பார்த்தால் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும்படி வாசல்களை வைத்தது. இன்னொன்று, நடுவில் திறந்த வளவு. கதவு திறந்திருந்தால் அந்த நேர்கோட்டில் சுவரே கிடையாது. ஆகவே முகப்புப் பெட்டி ஓரத்து ஜன்னல் திட்டில் இருந்தால் அதை எடுத்து, வாசல் கோட்டுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில் வையுங்கள். அடுப்படிப் பெட்டியை வளவுத் தாழ்வாரத்துக்குக் கொண்டு வாருங்கள், அதுவும் முகப்புப் பெட்டியைக் கண்ணால் பார்க்கிற இடமாக. வளவில் வைத்த பெட்டி சுற்றியுள்ள அத்தனை அறை வாசலையும் பார்க்கும். ராத்திரி கதவைச் சாத்தினாலும் பரவாயில்லை, காய்ந்த தேக்கு, சுவர் அளவுக்கு விழுங்காது.

எங்கே வைக்கக் கூடாது என்பதையும் சொல்கிறேன். இரும்பு பீரோவின் மேலோ பின்னாலோ வேண்டாம். பெரிய பெல்ஜியம் கண்ணாடிக்குப் பின்னாலும் வேண்டாம், ரசம் பூசிய கண்ணாடி சிக்னலைத் திருப்பி அடிக்கும். வளவின் மேல் தகரக் கூரை போட்டிருந்தால் மாடிக்கு எதுவும் போகாது, மாடியை மறந்துவிடுங்கள். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று பெட்டியை அலமாரிக்குள் வைத்துச் சாத்துகிற பழக்கமும் நம் ஊரில் நிறைய இருக்கிறது.

வைத்த பிறகு ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். வைஃபை அளக்கும் இலவச செயலி ஆண்ட்ராய்டு போனுக்கு நிறைய உண்டு. அது டிபிஎம் என்ற சிக்னல் அளவில் மைனஸ் எண் காட்டும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் நல்லது. வளவுப் பெட்டி வைக்கப்போகிற இடத்தில் போனைப் பிடித்து, முகப்புப் பெட்டியின் சிக்னலைப் பாருங்கள். மைனஸ் 67-க்குள் இருந்தால் வீடியோ காலுக்குத் தாராளம். மைனஸ் 80 வந்தால் அங்கே வைத்துப் பயனில்லை, முகப்பை நோக்கி நகர்த்துங்கள். புதிதாக மெஷ் வாங்க நினைக்கிற மற்ற வாசகர்களும் வாங்கும் முன்பே ஒரு போனை ஹாட்ஸ்பாட் ஆக்கிப் பட்டாலையில் வைத்துவிட்டு, இன்னொரு போனோடு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். ரவுட்டர் அளவுக்கு அது எட்டாது, ஆனால் எந்தச் சுவர் கொல்கிறது என்பது தெரிந்துவிடும்.

இப்படி மாற்றிய பிறகும் அடுப்படிக்கு வரவில்லை என்றால் கேபிள்தான். நம் வீடுகளுக்கு என் சிபாரிசே இதுதான்: சுவரைக் கேபிள் கடக்கட்டும், வைஃபை திறந்த இடத்தில் மட்டும் வேலை செய்யட்டும். உங்கள் மெஷ் பெட்டியின் பின்னால் ஈதர்நெட் துளை, அதாவது நெட்வொர்க் கேபிள் செருகும் இடம் இருக்கும், பாருங்கள். முகப்புப் பெட்டியிலிருந்து அடுப்படிப் பெட்டிக்கு ஒரே ஒரு கேட் 6 கேபிள் போனால், மறுபடியும் அதை அடுப்படியிலேயே வைத்துக்கொள்ளலாம், முகப்பில் கிடைக்கிற வேகம் அங்கேயும் கிடைக்கும். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர், அதாவது 328 அடி வரை போகும். தெருவுக்குத் தெரு நீண்ட வீடென்றாலும் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். சில பெட்டிகளுக்கு அதன் செயலியில் ஈதர்நெட் பேக்ஹால் (பெட்டிகள் கேபிள் வழியாகப் பேசிக்கொள்ளும் முறை) என்பதைத் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் பெட்டியும் தனியாக வைஃபை பரப்பிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் போன் பழைய பெயரையே பிடித்துக்கொண்டு தொங்கும்.

கேபிள் வாங்கும்போதுதான் ஏமாற்று. பாதி விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம் பூசியது. கடையில் நுனியைச் சீவிக் காட்டச் சொல்லுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். சுருளைத் தூக்கினாலே கனம் குறைவாக இருக்கும். நீண்ட தூரத்துக்கு இது ஏற்றதல்ல, கேபிள் வழியாகவே மின்சாரமும் அனுப்பும் சாதனங்களுக்குச் சுத்தமாக ஆகாது. 'சுத்த செம்பு' என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

வளவைத் தாண்டும்போது மொட்டை வெளியில் குறுக்கே இழுக்காமல் தாழ்வாரத்துக் கூரைக்குக் கீழாகவே சுற்றிக் கொண்டுபோங்கள். வெயில் படும் இடம் இருந்தால் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறைக் கேபிள். இடி மின்னல் காலத்தில் நீண்ட செம்புக் கம்பி ஒரு தொல்லை, இரண்டு முனையில் இருக்கும் பெட்டியும் சேர்ந்து போகும். உங்கள் ஊரில் மின்னலுக்கு டி.வி., மோட்டார் என்று அடிக்கடி பலியாகிறது என்றால், செம்புக்குப் பதில் கண்ணாடி இழையை, அதாவது ஃபைபரையே உள்ளேயும் இழுத்து, இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் ஈதர்நெட்டையும் இணைக்கும் சின்னப் பெட்டி) வையுங்கள். கண்ணாடி இழை வழியாக மின்னல் பாயாது, ஆனால் தாங்குவதற்கு இரும்புக் கம்பி வைத்த ஃபைபர் கேபிளும் உண்டு, அது இல்லாததாகக் கேளுங்கள். இதைவிடச் சுலபம், இணைப்பு கொடுத்தவரிடமே பேசி, முகப்போடு விட்ட ஃபைபரைப் பட்டாலை வரை நீட்டச் சொல்வது. லைன்மேன் முதல் பிளக் பாயின்ட்டைப் பார்த்ததும் வேலையை முடித்துக்கொண்டு போயிருப்பார், அவ்வளவுதான்.

சுவரைத் துளைக்க அவசரப்படாதீர்கள். நிலைக்கு மேலே காற்றுப் போக விட்ட இடைவெளி, ஜன்னல் கம்பி, பழைய வயரிங் போன ஓட்டை என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். தேக்குத் தூணிலும் உத்திரத்திலும் ஆணி அடிக்க விடாதீர்கள். பொதுவில் உள்ள வீடு என்றால் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலும், வளவில் புதுசாக ஒரு கேபிள் ஓடினால் அதுதான் அவர்கள் கண்ணில் முதலில் படும்.

மின்சாரக் கம்பி வழியாகவே இணையம் கடத்தும் பவர்லைன் அடாப்டரை யாராவது சிபாரிசு செய்வார்கள். பழைய வயரிங்கும் மூன்று ஃபேஸ் இணைப்பும் உள்ள வீட்டில் நான் அதை நம்புவதில்லை. முகப்பு ஒரு ஃபேஸிலும் அடுப்படி இன்னொன்றிலும் இருந்தால் வேலை செய்வதே அதிர்ஷ்டம்.

இனி விற்றவர் விஷயம். 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தால் மட்டுமல்ல, விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலும் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. ஆகவே 'குறை இல்லை' என்பது முழுப் பதில் ஆகாது. விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு வாசகம் மாறலாம். பில்லையும் அளந்த எண்களையும் சேர்த்து, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

உரிமை இருக்கிறது என்பதற்காக வழக்குப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். விளம்பரத்தில் '4,000 சதுர அடி வரை' என்று 'வரை' போட்டிருந்தாலோ, கீழே பொடி எழுத்தில் சுவர்களைப் பொறுத்து மாறும் என்று இருந்தாலோ, வாதம் இழுக்கும். ஆறு ஆன்டெனா ரவுட்டரை வேண்டுமானால் விற்றுவிடுங்கள். மெஷ் செட்டை வைத்துக்கொள்ளுங்கள், கேபிளோடு சேர்ந்தால் அது நல்ல சாமான்.

கடைசியாக நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். அந்தக் கனத்த சுவருக்குள் மொபைல் டவர் சிக்னலும் திணறும், பேச வேண்டுமானால் அப்பச்சி திண்ணைக்கு வருகிறாரா? போன் அமைப்பில் 'வைஃபை காலிங்' என்பதை இயக்கிவிடுங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிய வசதி இது, தனிக் கட்டணம் கிடையாது. போன் அதற்கு ஏற்றதாக இருந்தால், அழைப்பு வைஃபை வழியாகவே வழக்கமான எண்ணில் வரும், போகும். இன்னொன்று கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மணிக்கணக்கில் நிறுத்தும் நாளில் இன்வெர்ட்டர் இல்லாத பிளக்கில் ஒரு பெட்டி இருந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். ஃபைபர் பெட்டி, முகப்பு மெஷ், அடுப்படி மெஷ் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் ரவுட்டருக்கென்றே விற்கிற குட்டி யு.பி.எஸ். வாங்கலாம். வாங்கும் முன் உங்கள் பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதா, 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.