புதிய வெப் புராஜெக்டுக்கு எந்த ஃபிரேம்வொர்க்கை எடுப்பது?

கேள்வி கேட்டவர் ஒரு ஜவுளிக்கடைக்கு ஸ்டாக் கணக்கு பார்க்கும் வெப் ஆப் எழுதப்போகிறாராம். ஆப்பின் பொதுவான வேலைகளை முன்கூட்டியே எழுதித் தருகிற தொகுப்புதான் ஃபிரேம்வொர்க். அதில் ரியாக்டா, வியூவா (இரண்டும் பிரவுசர் பக்கத்துக்கு), லாராவெல்லா, ஜாங்கோவா (இரண்டும் சர்வர் பக்கத்துக்கு) என்று குழம்பி, கடைசியில் "இப்போது எதற்கு மவுசு அதிகம்?" என்று கேட்டிருக்கிறார். அதே கேள்வியைக் கேட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

2015-ல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு டி.சி. (டெலிவரி சலான், சரக்கோடு போகிற சீட்டு) கணக்கு ஆப் எழுதினேன். எந்த ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு எத்தனை பண்டில் போனது, எத்தனை திரும்பி வந்தது, அவ்வளவுதான் விஷயம். நாலு டேபிள், ஆறு ஸ்கிரீன். அன்றைக்கு எங்கே பார்த்தாலும் ஆங்குலர்ஜேஎஸ் என்ற பிரவுசர் ஃபிரேம்வொர்க் பற்றித்தான் பேச்சு. நானும் அதையே எடுத்தேன், கூடவே லைப்ரரிகளை இறக்கித் தர போவர், எழுதிய ஃபைல்களை பிரவுசருக்குத் தயார் செய்கிற பில்டு வேலைக்கு கல்ப். இன்று இந்தப் பெயர்களைச் சொன்னால் ஜூனியர் பையன்கள் சிரிக்கிறார்கள்.

2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது. பெயரில்தான் உறவு, உள்ளே எல்லாமே வேறு. பழைய கோடிங்கை அப்படியே எடுத்துப் போட முடியாது. சரி, ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். 2019 கடைசியில் முதலாளி கூப்பிட்டு, "தம்பி, டி.சி.யில டேமேஜ் பீஸ் எத்தனைன்னு போட ஒரு கட்டம் சேர்த்துக் குடுங்க" என்றார். அரை மணி நேர வேலை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். புது லேப்டாப், அதில் நோட்.ஜேஎஸ் 12 (கல்ப் ஓடுவது இதன் மேல்தான்). பில்டு கட்டளையைக் கொடுத்தால், "பிரைமார்டியல்ஸ் இஸ் நாட் டிஃபைன்ட்" என்று ஒரு வரியைக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. என் கோடிங்கில் அப்படி ஒரு சொல்லே கிடையாது! கல்ப் 3-க்கும் நோட் 12-க்கும் ஒத்துவராது, நோட் 10-க்கு இறங்கினால்தான் ஓடும் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போனது. ஒரே ஒரு கட்டம் சேர்த்து முடிக்க மூன்று நாள். அதற்கு எந்த முகத்தோடு பில் போடுவது? போடவில்லை.

ஆங்குலரைத் திட்டிப் பயனில்லை. நாலு டேபிள் ஆப்புக்கு பில்டு என்ற சமாசாரமே தேவையில்லை. சர்வரிலிருந்து பக்கம் ரெடியான ஹெச்டிஎம்எல்லாக வந்தால் போதும்.

அடுத்த வருடம் அதையே ஜாங்கோவில் திருப்பி எழுதினேன். ஜாங்கோ பிறந்தது அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில். 2005-ல் வெளியே விட்டார்கள். செய்தியாளர்கள் ஒவ்வொரு தடவையும் டெவலப்பரைத் தேடி ஓடாமல் தாங்களே விஷயத்தை ஏற்ற வேண்டும். அந்தத் தேவையிலிருந்து வந்ததுதான் அதன் அட்மின். மாடலை, அதாவது என்னென்ன தகவல் சேமிக்க வேண்டும் என்ற வரையறையை, எழுதிப் பதிவு செய்தால் சேர்க்க, திருத்த, தேட ஸ்கிரீன் தானாக வந்துவிடும். பனியன் கம்பெனி கணக்குப்பிள்ளைக்கும் வேண்டியது அதுவே. இப்போது புதுக் கட்டம் என்றால் மாடலில் ஒரு வரி, டேட்டாபேஸை அதற்கேற்ப மாற்றுகிற மைக்ரேஷனுக்கு இரண்டு கட்டளை. எல்.டி.எஸ். (நீண்ட கால ஆதரவு) பதிப்பை எடுத்தால் ஏறத்தாழ மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் வருகிறது. மேனேஜர் குடோன் மூலையில், சிக்னல் ஒற்றைக் கோடாக இருக்கிற இடத்தில், போனில் திறந்தாலும் பக்கம் வந்துவிடுகிறது.

கேள்வி கேட்டவரே, உங்கள் கடைக்கு வருவோம். முதலில் ஹோஸ்டிங் என்ன என்று கேளுங்கள். யாரோ ஏற்கெனவே விலை குறைந்த ஷேர்டு ஹோஸ்டிங் (பல பேர் ஒரே சர்வரைப் பங்கிட்டுக்கொள்வது) வாங்கி வைத்திருந்தால், அங்கே தொல்லையில்லாமல் ஓடுவது பிஹெச்பிதான். பேசாமல் பிஹெச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல் எடுங்கள். அப்புறம், நீங்கள் வேறு வேலைக்குப் போன பிறகு இதை யார் பார்ப்பார்கள்? உங்கள் ஊரில் பத்து பேருக்குத் தெரிந்த மொழி, உங்களுக்கு மட்டும் பிடித்த மொழியைவிட மேல். டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல்லோ போஸ்ட்கிரஸோ, ஹோஸ்டிங்கில் எது இருக்கிறதோ அது. இந்த அளவுக்கு இரண்டும் தாராளம்.

ரியாக்ட், வியூ எல்லாம் வேண்டாத சாமான் என்று சொல்லவில்லை. ஆள் நாள் முழுக்க ஒரே ஸ்கிரீனில் இழுத்து, நகர்த்தி, வரைந்து வேலை செய்கிற ஆப் என்றால் நானே ரியாக்ட்தான் எடுப்பேன். ஸ்டாக் லிஸ்ட்டுக்கு அது குண்டூசி வாங்க லாரி பிடித்த கதை.

இதற்கு மேலும் இரண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் ஒதுக்கி, இரண்டிலும் ஒரே வேலையை எழுதிப் பாருங்கள்: ஒரு லாகின், ஒரு லிஸ்ட், ஒரு எக்செல் டவுன்லோடு. எக்செலை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதலாளி முதல் வாரமே அதைத்தான் கேட்பார்.