கீட்டனின் பட்டாளப் படம்

கேள்வி: ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் என்றதும் மௌனப் படங்களே நினைவுக்கு வருகின்றன. பட்டாள வாழ்க்கையைக் கேலி செய்யும் பேசும் படம் ஒன்றிலும் அவர் நடித்தார் என்கிறார்களே, அது எந்தப் படம்? இன்றும் பார்க்கத் தகுந்ததா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக எட்வர்ட் செட்ஜ்விக் இயக்கி 1930-இல் வெளிவந்த ‘டோபாய்ஸ்’ தான் அந்தப் படம். முதல் உலகப் போரின்போது அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வழங்கிய செல்லப் பெயர் அது. எல்மர் (கீட்டன்) என்னும் பணக்கார வாலிபன், தன் கார் டிரைவர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், வேறொரு டிரைவரைத் தேடி வேலைவாய்ப்பு நிலையம் ஒன்றுக்குச் செல்கிறான். அந்த இடம் அதற்குள் ஆள்சேர்ப்பு அலுவலகமாக மாறியிருப்பது அவனுக்குத் தெரியாது. நீட்டிய தாளில் கையெழுத்திட்டபின்தான், தானே சிப்பாயாகிவிட்டதை உணர்கிறான்.

இந்தக் கேலி வெறும் கற்பனையில் பிறந்ததன்று. கீட்டன் 1918-இல், தம் 22-ஆம் வயதில், கட்டாய ஆள்சேர்ப்பில் எடுக்கப்பட்டு, 40-ஆவது டிவிஷனில் பிரான்சுக்குச் சென்றவர். அவருடைய கால் அளவு ஆறரை; பட்டாளம் கொடுத்த பூட்ஸின் அளவோ எட்டு. தரையில் படுத்துறங்கிய இரவுகளில் காதில் நோய் பற்றி, செவித்திறனும் வெகுவாகக் குறைந்துபோயிற்று. அந்தப் பாதிப்பு வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. அளவு பொருந்தாத சீருடைக்குள் மனிதன் எப்படித் தொலைந்துபோகிறான் என்பதை அவர் உடம்பாலேயே அறிந்திருந்தார். அதனால்தான், எட் பிராஃபி நடித்த சார்ஜென்ட் முகத்தருகே வந்து கத்தும்போது, எல்மரின் அசையாத முகத்தில் சிரிப்புக்கு அடியில் ஒரு திகைப்பும் தெரிகிறது.

குறைகளும் உண்டு. மௌனப் படங்களில் கீட்டனுக்கு இருந்த சுதந்திரம் இந்த நிறுவனத்தில் இல்லை. பேச்சு நகைச்சுவை பல இடங்களில் இழுவையாக இருக்கிறது. ஆனாலும், உடன் நடித்த பாடகர் கிளிஃப் எட்வர்ட்ஸின் யுகுலேலியோடு (கிட்டார் போன்ற சிறு வாத்தியம்) பாடிக் களிக்கும் காட்சி, ஒத்திகை பார்க்காததுபோல் அவ்வளவு இயல்பாக அமைந்திருக்கிறது. டப்பிங் நிலைபெறாத காலம் என்பதால், இதே கதையை ஸ்பானிய மொழியில் தனியாகப் படமாக்கியபோதும் கீட்டனே நடித்தார்.

முழுப் படத்துக்கும் நேரம் இல்லையென்றால், எதிரியின் பதுங்குகுழியில் எல்மர் நுழையும் பகுதியை மட்டுமாவது பாருங்கள். அங்கே தன்னிடம் முன்பு வேலை செய்த ஜெர்மானியனையே சந்திக்கும் எல்மர், பசியால் வாடும் அந்த வீரர்களுக்கு உணவு கொண்டுவருவதாக வாக்களித்துத் திரும்புகிறான். படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுவே.