கேள்வி – பதில்: கிண்ணத்தில் வளரும் தோல்

கேள்வி: ஒரு ரசாயனம் தோலில் எரிச்சல் தருமா என்பதை முயலின் முதுகில் தடவாமல், ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோலில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

பதில்: அறுவை சிகிச்சையில் மிஞ்சும் தோலிலிருந்து பிரித்த மேல்தோல் செல்களை நுண்துளைச் சவ்வில் பரப்பி வளர்க்கிறார்கள். பிறகு மேற்பரப்பைக் காற்றில் விட்டு, ஊட்டத்திரவத்தை அடியிலிருந்து மட்டும் கொடுப்பார்கள். சுமார் இரண்டு வாரத்தில் மேலடுக்கு காய்ந்து தடித்து, உண்மைத் தோலைப் போலத் தடுப்புச்சுவராகும். திரவம் மேலே ஏறிவிட்டால் இந்தச் சுவர் உருவாகாது; சாதுவான பொருளும் எரிச்சலூட்டியாகத் தெரியும்.

பரவலாகப் பயன்படும் ஒரு மாதிரியில் 30 மைக்ரோலிட்டர் பொருளை மூன்று திசுக்களில் இட்டு, 60 நிமிடம் கழித்துக் கழுவி, 42 மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தில் 3 மணி நேரம். உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக்கும். எரிச்சல் தராத திரவம் இட்ட ஒப்பீட்டுத் திசுவோடு பார்க்கையில் உயிர்ப்பு (ஊதா நிறத்தின் அளவு) 50% அல்லது அதற்குக் கீழே என்றால் எரிச்சலூட்டி.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: சில ரசாயனங்கள் தாமே சாயத்தை ஊதாவாக்கும், செத்த திசுவும் உயிரோடிருப்பதாகத் தோன்றும். அதனால்தான் உறையவைத்துக் கொன்ற திசுவிலும் அதே பொருளை இட்டு, அந்த அளவைக் கழிக்கிறார்கள். சவ்வின் அடியில் சிக்கும் காற்றுக்குமிழியும் கணக்கைக் கெடுக்கும்.

ஒவ்வாமையை இந்தச் சோதனையில் கேட்காதீர்கள். அதற்கான நோயெதிர்ப்புச் செல்கள் இந்தத் தோலில் இல்லை.