கடல் தெரிகிற வீடு வேண்டுமா, கடலோர ஊர் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 61 வயது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஈரோட்டில் இருக்கிறோம். மனைவிக்கு வீசிங் தொந்தரவு உண்டு. மகள் பெங்களூரில் இருக்கிறாள். இனிமேல் கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கலாம் என்று ஆசை. தை மாதம் புதுச்சேரி, தூத்துக்குடி, நாகர்கோவில் மூன்றுக்கும் போய் வந்தோம். மூன்றுமே பிடித்திருக்கிறது. ஈரோட்டு வீட்டை விற்றுவிட்டு, கடல் தெரிகிற மாதிரி மனையோ வீடோ வாங்கலாம் என்றிருக்கிறோம். எந்த ஊர் நல்லது?
– ஈரோடு வாசகர்

பதில்: தை மாதத்தில் போய்ப் பார்த்தால் எந்தக் கடற்கரை ஊர்தான் பிடிக்காது? மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. கடலோர ஊரின் குணம் தெரிவது இரண்டு சமயங்களில்தான்: கத்திரி வெயிலில் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு முறை. நீங்கள் இரண்டையும் இன்னும் பார்க்கவில்லை. அதனால் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம், ஈரோட்டு வீட்டை விற்கவும் வேண்டாம். முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

'கடல் தெரிகிற மாதிரி' என்பதையும் விட்டுவிடுங்கள். கரையிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி வீடு இருந்தால் மாலைக் காற்று அங்கேயும் வரும். உப்புதான் அந்த அளவுக்கு வராது. அலைக்கு எதிரே நிற்கும் வீட்டில் ஜன்னல் கம்பி, கேட், ஏசியின் வெளி யூனிட், ஃபிரிட்ஜின் அடிப்பாகம் எல்லாம் உங்களை விட வேகமாக வயதாகும். கட்டடத்துக்குள் நடப்பது இதைவிட மோசம். கடற்காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம் 30 என்ற வலிமைத் தரமும், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்) வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. கடல் இல்லாத ஊர்களில் தளத்துக்கு 20 மி.மீ. வைத்தே பழகிய மேஸ்திரி இங்கேயும் அதையே வைத்துவிடுவார். உப்பு உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்து வீங்கும். கான்கிரீட் பாளம் பாளமாகக் கழன்று விழும்.

பழைய வீட்டைப் பார்க்கப் போனால் தரையில் பதித்த டைல்ஸைப் பார்க்காதீர்கள். பால்கனித் தளத்தின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். நேர்க்கோடாகப் பழுப்புக் கறை ஓடினால் அதற்கு மேலே கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால், எட்டும் உயரத்தில் உள்ள தூணையோ சன்ஷேடையோ ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கெட்டியாக இல்லாமல் 'பொத் பொத்' என்று கேட்டால் நடையைக் கட்டலாம்.

மனைக்கு வேறு சிக்கல். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி, அதாவது சி.ஆர்.இசட்., உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை செல்லும். ஊரகப் பகுதியில் மக்கள் நெருக்கம் குறைவான இடமென்றால் முதல் 200 மீட்டரிலும், நெருக்கம் அதிகமான இடமென்றால் 50 மீட்டரிலும் புதிதாக வீடு கட்ட அனுமதி எதிர்பார்க்க முடியாது. பட்டா சரியாக இருக்கும், வில்லங்கம் இருக்காது, பத்திரமும் பதிவாகும், கட்டத்தான் முடியாது. புரோக்கர் 'அப்ரூவ்டு பிளாட்' என்று சொன்னாலும், அந்த சர்வே எண் சி.ஆர்.இசட். வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, துறைமுகத்துக்கு வடக்கே கரையை ஒட்டி எதுவும் வாங்காதீர்கள். நம் கிழக்குக் கரையில் அலைகள் வருடத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. நடுவில் கல் கொட்டித் துறைமுகச் சுவர் கட்டினால் மணல் தெற்கே தங்கிவிடும், வடக்கே கரை கரையும். சென்னையில் மெரினா அகலமானதும், ராயபுரம் பக்கம் கடல் ஏறியதும் இதே கதைதான். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகம் வந்த பிறகு, நீங்கள் நடந்து போன காந்தி சிலைப் பகுதியில் மணல் போய்க் கற்குவியல் வந்தது. பின்னாளில் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை இறக்கிய பிறகே கொஞ்சம் மணல் திரும்பியது. வடக்கே பொம்மையார்பாளையம் வரை மீனவக் கிராமங்கள் இன்னும் கரையை இழந்துகொண்டிருக்கின்றன. 'பீச் டச்' என்று விளம்பரம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஊர்கள். தூத்துக்குடிக் கடல் சாதுவானது. இலங்கையும் மன்னார் வளைகுடாத் தீவுகளும் அலையைத் தடுத்துவிடுகின்றன. பெங்களூருக்கு இரவு ரயிலும் உண்டு. ஆனால் அனல்மின் நிலையங்களும் துறைமுகத்து நிலக்கரியும் இருக்கிற ஊர். வீசிங் உள்ளவருக்கு இதை முதல் தேர்வாகச் சொல்ல மனம் வரவில்லை. மழை குறைந்த ஊர் என்றும் அசட்டையாக இருக்க முடியாது. 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்து, தூத்துக்குடித் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது.

நாகர்கோவில் கடற்கரை ஊரே அல்ல. சங்குத்துறைக் கடற்கரைக்குப் பத்துக் கிலோமீட்டர் போக வேண்டும். உங்களுக்கு அது ஒரு வகையில் நல்லதுதான். மே மாதத்திலும் 40 டிகிரியைத் தொடுவது அபூர்வம். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, இரண்டு மணி நேரத்தில் திருவனந்தபுரம். ஆனால் இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர், ஜூனிலிருந்தே சுவர் ஈரம் குடிக்கும். கடலும் முரடு. வானம் தெளிவாக இருக்கும்போதே அலை ஏறும் 'கள்ளக்கடல்' அந்தக் கரையில் சகஜம். காலை நனைக்கக்கூட உள்ளூர்க்காரர்களைக் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

புதுச்சேரியில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. வயதான காலத்தில் அந்த ஒன்றுக்காகவே ஊருக்குக் கூடுதல் மதிப்பெண் போடலாம், புறநோயாளிப் பிரிவில் காலையிலேயே வரிசையில் நிற்கத் தயாராக இருந்தால். ரயில் வசதி சுமார். பல ரயில்களுக்கு விழுப்புரம் போக வேண்டும். பெங்களூருக்கு இரவுப் பேருந்துதான் தோது. சனி, ஞாயிறு கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். ஆனால் அது பெரும்பாலும் கடற்கரைச் சாலையோடு நின்றுவிடும்.

எங்கள் கணக்கில் உங்கள் இருவருக்கும் முதலில் பார்க்க வேண்டியது புதுச்சேரியின் வடமேற்குப் பக்கம், லாஸ்பேட்டை, கோரிமேடு வட்டாரம். பெயரிலேயே மேடு இருக்கிறது. மேடு, பள்ளம், ஓடை, தாங்கல் என்று பெயர் வைத்தவர்கள் தண்ணீரைப் பார்த்துத்தான் வைத்தார்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தாழ்ந்த தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. எந்தத் தெருவாக இருந்தாலும் வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். தெருமுனை இஸ்திரிக்காரரிடம் 'அன்றைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது?' என்று கேளுங்கள். முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார். அடுக்குமாடி என்றால் சம்ப்பும் மோட்டார் அறையும் அந்த மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா என்று பாருங்கள். சாக்கடைத் தண்ணீர் சம்ப்பில் இறங்கினால் மாடியில் இருப்பவருக்கும் குடிநீர் போச்சு.

போர்வெல் தண்ணீரை மே மாதத்தில் சோதியுங்கள். மோட்டாரை இருபது நிமிடம் ஓடவிட்டு, பிறகு பிடித்த தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வையுங்கள். 500 வரை நல்ல தண்ணீர். வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை குடிக்கலாம் என்கிறது இந்தியத் தரம். ஆனால் ஆயிரத்தைத் தாண்டினாலே ஹீட்டரும் ஷவரும் உப்புக் கட்டும். நவம்பரில் பார்த்தால் மழை நீர் கலந்து எண் அழகாகக் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்தை ஏப்ரலில் தொடங்குங்கள். வழக்கமான 11 மாதத்துக்குள் கத்திரியும் அடைமழையும் அடங்கிவிடும். கிளம்பும் முன் மனைவியின் மருத்துவரிடம் இடமாற்றத்தைச் சொல்லி, இன்ஹேலர் அளவைப் பேசிக்கொள்ளுங்கள். படுக்கையறையில் சில நூறு ரூபாய் ஈரப்பதமானி ஒன்றை மாட்டுங்கள். முள் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சையும் தூசிப் பூச்சியும் பெருகும். அப்போது ஏசியை டிரை மோடில் போடுங்கள், மெத்தையைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். இரும்பு பீரோ ஈரோட்டிலேயே இருக்கட்டும்.