பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் வாங்குவோருக்கு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பீனோ, டேண்டி, ஈகிள் போன்ற பிரிட்டனின் பழைய சிறுவர் காமிக்ஸ் வார இதழ்களை வாங்குவது பற்றியே இருந்தன. அதனால் மற்றவற்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: ‘பீனோ முதல் இதழ், 1938’ என்று ஓர் இணையக் கடையில் பார்த்து, கணவரின் பிறந்தநாளுக்காக கிரெடிட் கார்டில் 180 பவுண்ட் கட்டி வாங்கினேன். போன வாரம் வந்து சேர்ந்தது. தாள் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கேட்டால் ‘மறுபதிப்பு என்று கீழே எழுதியிருக்கிறோமே’ என்கிறார்கள். எவ்வளவு தேடியும் அந்த வரி என் கண்ணில் படவில்லை. (வாசகி, ஹாரோ)

பதில்: பணம் திரும்பக் கிடைக்கும் அம்மா, விடாதீர்கள். பிரிட்டனில், இணையத்தில் ஒரு கடையிடம் வாங்கிய பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள், காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லலாம். அது தவறிப்போனாலும் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். கடை மசியவில்லை என்றால் கார்டு கொடுத்த வங்கிக்கு எழுதுங்கள். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்குள் இருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி வங்கிக்கும் பொறுப்பு உண்டு. இன்றே எழுத்தில் கேளுங்கள், தொலைபேசிப் பேச்சோடு விட்டுவிட வேண்டாம். விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடுவார்கள்.

1938 ஜூலை 30 தேதியிட்ட அந்த முதல் இதழின் விலை 2 பென்ஸ். அட்டையில் பிக் எகோ என்ற நெருப்புக்கோழி இருக்கும். 2004இல் ஒரு பிரதி 12,100 பவுண்டுக்கு ஏலம் போனது. ‘விலையைப் பார்த்தே தெரிய வேண்டாமா’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உண்மையை எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் எழுத வேண்டியது விற்பவரின் கடமை.

கேள்வி: ‘டேண்டி’ வார இதழுக்கு ஓராண்டுச் சந்தா தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா? (வாசகர், லூட்டன்)

பதில்: கட்டாதீர்கள். டேண்டி அச்சில் வருவது 2012 டிசம்பர் 4ஆம் தேதி, அதன் 75ஆவது பிறந்தநாளோடு நின்றுவிட்டது.

கேள்வி: மாமனார் 1946இல் பிறந்தவர். அவர் பிறந்த வாரத்துப் பீனோ கேட்டால், ‘அந்த வாரம் இதழே வரவில்லை’ என்கிறார் கடைக்காரர். ஏமாற்றுகிறாரா? (வாசகி, ஈஸ்ட் ஹாம்)

பதில்: இல்லை, நேர்மையாகத்தான் சொல்லியிருக்கிறார். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் 1941 முதல் 1949 வரை பீனோ ஒரு வாரம், டேண்டி ஒரு வாரம் என்று மாறி மாறி வந்தன. இரண்டையும் வெளியிட்டது டண்டீ நகரத்து டி.சி. தாம்சன்தான். அந்த வாரத்து டேண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். தேதியில் இன்னொன்றும் உண்டு. இதழ் கடைக்கு வந்து சில நாள் கழித்து வருகிற சனிக்கிழமையைத்தான் அட்டையில் போடுவார்கள்.

கேள்வி: ‘டென்னிஸ் த மெனஸ்’ பழைய காமிக்ஸ் ஒரு கட்டு வாங்கினேன். விளம்பரத்தில் அட்டைப்படம் இருந்தது, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. உள்ளே யாரோ மஞ்சள் முடிப் பையன். விற்றவர்மேல் புகார் கொடுக்கலாமா? (வாசகர், குரோய்டன்)

பதில்: எதற்கு? அது அமெரிக்க டென்னிஸ். 1951 மார்ச்சில் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் ஒரே பெயரில் இரண்டு பையன்கள் தற்செயலாகக் கிளம்பினார்கள். பீனோவின் பையனுக்குக் கறுப்பு முள்முடி, அவன் சிவப்பு-கறுப்புக் கோடு போட்ட ஸ்வெட்டர் போட்டிருப்பான். விளம்பரத்திலேயே அட்டைப்படம் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படத்தைப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டு விற்றவரைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: 1950களின் ‘ஈகிள்’ ஓராண்டுக் கட்டு கிடைக்கிறது. ‘முழுமையானது’ என்கிறார்கள். நம்பலாமா? (வாசகர், மில்டன் கீன்ஸ்)

பதில்: ‘முழுமையானது’ என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பழைய இதழ் வியாபாரத்தில் இத்தனை பேரை ஏமாற்றிய சொல் வேறில்லை. ஐம்பத்திரண்டு அட்டைகள் இருந்தால் முழுமை என்று சொல்லிவிடுகிறார்கள். உள்ளே எத்தனை தாள் இருக்கிறது என்று எண்ணுவதே இல்லை.

ஈகிளுக்கு உயிரே நடுப்பக்கம்தான். 1950 ஏப்ரல் 14 அன்று மார்கஸ் மோரிஸ் என்ற பாதிரியார் ஆசிரியராக இருந்து தொடங்கிய இதழ் அது. அட்டையில் ஃபிராங்க் ஹாம்ப்சன் வரைந்த டான் டேர் விண்வெளியில் பறப்பான். நடுவில் ரயில் எஞ்சினையோ கப்பலையோ விமானத்தையோ குறுக்கே வெட்டி, உள்ளிருக்கும் பாகங்களை எல்லாம் வண்ணத்தில் காட்டும் படம் இருக்கும். பையன்கள் அதை உருவிச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். அது அவர்களுடைய இதழ், அவர்கள் செய்ததில் தப்பே இல்லை. அந்தப் பக்கம் போனது தெரிந்தும் மறைத்து விற்பவர் செய்வதுதான் தப்பு. எனக்கும் ஒருவர் அப்படித்தான் ஒரு கட்டை விற்றார். மேலே இருந்த சில இதழ்கள் நன்றாக இருந்தன, அடியில் இருந்தவற்றில் பெரும்பாலும் நடுத்தாள் இல்லை. நேரில், கைக்காசு கொடுத்து வாங்கியது. ரசீதும் கிடையாது, ஆளும் அகப்படவில்லை.

நீங்கள் ஒவ்வோர் இதழின் நடுப்பக்கத்துக்கும் படம் கேளுங்கள். கூப்பன் வெட்டியிருக்கிறதா, செலோ டேப் ஒட்டியிருக்கிறதா, பைண்டிங்குக்காக ஓரத்தை நறுக்கியிருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்கவே வேண்டாம். இதழ் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்றும் பாருங்கள். பழைய ஈகிள் 1969இல் ‘லயன்’ இதழோடு இணைந்து முடிந்தது. 1982இல் அதே பெயரில் வந்தது வேறு இதழ்.

கேள்வி: முத்து காமிக்ஸில் படித்த இரும்புக்கை மாயாவியை ஆங்கில மூலத்தில் படிக்க ஆசை. லண்டனிலிருந்து ‘வேலியன்ட்’ இதழ்களை வரவழைக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: படிப்பதற்காக என்றால் வேண்டாம். அந்தக் கதை 1962 அக்டோபரில் வேலியன்ட்டின் முதல் இதழிலேயே தொடங்கியது, ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆனால் ஒரு வாரத்துக்குச் சில பக்கங்கள்தான். ஒரு கதையை முடிக்கவே வாரக்கணக்கான இதழ்கள் வேண்டும். நடுவில் ஒன்று கிடைக்காவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும், தபால் செலவு வேறு. இப்போது உரிமை வைத்திருக்கும் ரெபெல்லியன் நிறுவனம் ஆரம்பக் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டிருக்கிறது. அதை வாங்குங்கள். அப்புறமும் அந்தக் காலத்துத் தாளைத் தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால், ஒரே ஒரு இதழை மட்டும், உள்பக்கப் படங்களைப் பார்த்துவிட்டு வரவழையுங்கள்.